கல்கத்தாக்காரிக்கு விழுந்த விரிசல்

அந்த மே மாதம் டெல்லி ஜனக்புரியில் அடித்த வெயிலுக்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். துவைத்த புடவையின் ஒரு முனையைக் கொடியில் போட்டு மறுமுனையைத் தேடி எடுப்பதற்குள் முதல் முனை காய்ந்து இஸ்திரிக்குத் தயாராகிவிடும். எதிர் ஃப்ளாட் சர்தார்ஜி வீட்டில் மாடியில் காயப்போட்ட அப்பளத்தைப் பொரித்த அப்பளமாகவே எடுத்து வந்தார்கள். எண்ணெய் மிச்சம் என்று அந்த அம்மாள் சந்தோஷப்பட்டாளே தவிர, அதிசயப்படவில்லை.

அப்படி ஒரு காலையில் ஹெலன் இட்லிப் பானைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளுக்கும் அவள் புருஷன் சுவிசேஷமுத்துவுக்கும் நாற்பதாவது கல்யாண நாள் ஸ்தோத்திரம். கணவன் கிட்டாரில் ஒரு பாட்டு வாசிப்பார், மனைவி கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்வாள். ஹெலனின் சாட்சிகள் சபையில் பிரசித்தம். ஒருமுறை அவள் சொல்லி முடிப்பதற்குள் ஞாயிறு பள்ளிப் பையன் ஒருவனுக்கு மீசை அரும்பிவிட்டதாம்.

"கர்த்தர் என்னைய நாப்பது வருஷம் வனாந்தரத்தில நடத்தினாரு..." என்று பானையிடம் சொன்னாள். "எனக்க வீட்டுல மேக்கு வெயிலு படாத அறை ஒண்ணே ஒண்ணாக்கும் உள்ளது. அதில நான் படுக்கேல. யாரு படுத்துக் கெடக்கா? கிட்டாருவ. நான் ஹால்ல திவான்ல கெடந்து வேகுகேன்..."

இந்த இடத்தில் கண்ணீர் வர வேண்டும். வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த ஈடு இட்லியை ஊற்றினாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. சுவிசேஷமுத்து வேலையில் இருந்த காலம் முழுக்க எங்கே மாற்றலானாலும் ஒரு பழைய கிட்டாரோடுதான் திரும்பி வந்தார். முசௌரியில் ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியாரிடம் வாங்கியது முசௌரிக்காரி. ஷில்லாங்கில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தவர் சாப்பிடாமலே தூக்கி வந்தது ஷில்லாங்காரி. எல்லாம் அவரைவிட வயதில் மூத்தவை. பெட்டியைத் திறக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். சாப்பாட்டுக்கு முன் கழுவ மாட்டார். வாசித்து முடித்ததும் கம்பிகளைத் தளர்த்தி, பழைய பனியன் துணியால் துடைத்து, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் படுக்க வைப்பார். யாரும் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மூத்தவள் கல்கத்தாக்காரி. ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப் போவதும் அவளைத்தான்.

ஹெலன் கிட்டார்களைத் தூற்றுவது ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது.

அவள் பிறந்தது குளச்சலில், கடலுக்கு மிக அருகில். அந்த ஊர் ஈரத்தில் ஜாடியில் போட்ட உப்பு மறுநாள் தண்ணீராகத்தான் இருக்கும். அவர்கள் வேதக்கோயில் ஆர்மோனியத்துக்குள் ஒரு ஆடி மாதம் காளான் முளைத்து, உபதேசியார் வீட்டில் அன்றைக்குக் காளான் குழம்பு வைத்தார்கள். அதன் பிறகு அந்த ஆர்மோனியம் வாயைத் திறக்கவில்லை. சிறுமி ஹெலன் அதற்காக அழுதாள். வாத்தியத்துக்கு எமன் ஈரம் என்று அன்று மனசில் எழுதிக்கொண்டவள், டெல்லிக்கு நர்ஸ் வேலைக்கு வந்த பிறகும் அழிக்கவில்லை.

எனவே ஆஸ்பத்திரி மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் நீல மணிகளை வருஷக்கணக்காகச் சேர்த்து, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில் பொடித் தையலாகத் தைத்து ஒரு பை செய்தாள். கல்கத்தாக்காரியின் பெட்டிக்குள், கழுத்துப் பக்கம், கம்பி வைக்க மூடி போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. அவர் நடக்கப் போன நேரம் அதில் பையை வைத்தாள். மணி ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். அவ்வப்போது எடுத்துப் பழைய வாணலியில் வறுப்பாள். திரும்ப நீலமாகும். திரும்ப வைப்பாள்.

மற்ற கிட்டார்களுக்கு அவள் இதைச் செய்யவில்லை. இவளுக்கு மட்டும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

"ஹெலனு..."

சுவிசேஷமுத்துவின் அம்மா இறந்த தந்தி வந்தபோது அவரிடம் கேட்ட குரல் அது. ஹெலன் கரண்டியோடு ஓடினாள். மகன் ஆரோன் பாதி மழித்த முகத்தோடு வந்தான். மருமகள் வைஷ்ணவி ஈரத் தலையோடு வந்தாள்.

கல்கத்தாக்காரி திறந்த பெட்டியில் கிடந்தாள். வெயிலுக்குப் பயந்து ஒரு வாரமாக அவர் திறக்காத பெட்டி. வயிற்றுத் துளையிலிருந்து அடிவரைக்கும் முன்பலகையில் ஒரு விரிசல். சுவிசேஷமுத்து அதைத் தொடவில்லை. பெட்டியின் ஓரத்தில் இருந்த எதையோ இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். சோப்பு டப்பா. மூடியெல்லாம் பொத்தல். உள்ளே ஒரு துண்டு ஸ்பாஞ்ச்.

"இது யாருக்க வேலை?"

வைஷ்ணவி முன்னால் வந்தாள். "நான்தான் மாமா. ஸ்பாஞ்சை நனைச்சு வெச்சேன். இந்த வாரம்தான் எல்லாப் பெட்டியிலயும் வெச்சேன். இங்க ரொம்ப ட்ரை இல்லையா... வீடியோவுல பார்த்தேன்."

"எனக்கிட்டச் சொல்லேலியே பிள்ளே?"

"வீட்டுல கிட்டார் பேச்சே எடுக்காதேன்னு நான்தான் சொன்னேன்ப்பா" என்றான் ஆரோன். "பேச்செடுத்தா அம்மா அழுவாங்க."

ஹெலன் அந்தக் காலத்து வார்டு சிஸ்டர். மருந்து மாறிப்போன காலையில் பயிற்சிப் பெண்களை வரிசையில் நிறுத்தி விசாரிக்கிற குரல் ஒன்று அவளுக்கு உண்டு. ஓய்வு பெற்றபோது எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தாள், அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"தண்ணியக் கொண்டு போயி மரத்துக்க கிட்ட வப்பாளா ஒருத்தி? பச்சப்பிள்ளைக்கும் தெரியும்லா? நான் படுக்க அறைய விட்டுக் குடுத்தேன், எனக்க ஒறக்கத்த விட்டுக் குடுத்தேன். எதுக்கு? நீ வந்து தண்ணி ஊத்திக் கொல்லுகதுக்கா?"

"ஊத்தல அத்தை. பிழிஞ்சுதான்..."

"பேசாத. ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல. ஒரு சாமானுக்க மதிப்பு தெரிஞ்ச வீட்டுல பொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அம்மா, பஸ், போதும்" என்றான் ஆரோன்.

வைஷ்ணவியின் பார்வை பெட்டியின் கழுத்துப் பக்கம் இருந்த சின்ன மூடியின் மேல் போனது. அங்கிருந்து ஹெலனின் முகத்துக்கு வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமனாரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கைப்பையோடு ஹாலுக்கு வந்தாள். "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன் அத்தை" என்றாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. ஆரோன் கொண்டுவிடுகிறேன் என்றான். மெட்ரோ இருக்கு என்றாள்.

இட்லி அப்படியே இருந்தது. மதியத்துக்குள் அது செங்கல் ஆனது. காவலாளி அதைக் கேட்டு வாங்கிப்போய் கேட்டுக்கு முட்டுக் கொடுத்தான்.

சாயந்திரம் சுவிசேஷமுத்து நடக்கப் போனதும் ஹெலன் அந்த அறைக்குள் போனாள். துக்கம் விசாரிக்க அல்ல. நீலப் பையை எடுத்து ஒளிக்க. கிட்டாரை வெறுப்பவள் என்ற பெயரை நாற்பது வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்தவள், அதை ஒரு துணிப்பையால் இழக்க முடியாது.

சின்ன மூடியைத் திறந்தாள். பை கனத்தது. வெளிச்சத்தில் பிடித்தாள். மணிகள் ரோஸ் நிறத்தையும் தாண்டி, கல்யாண வீட்டுப் பந்தல் நிறத்தில் இருந்தன. போன வாரம்தான் வறுத்து வைத்தாள். இந்த வெயிலில், இந்த வறட்சியில், இவ்வளவு ஈரத்தை எங்கே குடித்தது?

சோப்பு டப்பாவைத் திறந்து ஸ்பாஞ்சைத் தொட்டாள். ரஸ்க் மாதிரி இருந்தது. அழுத்தினால் பொடியாக உதிர்ந்தது. காலையில் ஒருத்தரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை, அவள் உட்பட.

முசௌரிக்காரியைத் திறந்தாள். ஸ்பாஞ்ச் சில்லென்று இருந்தது. பலகையில் ஒரு கீறல் இல்லை. ஷில்லாங்காரி. சில்லென்று இருந்தது. கீறல் இல்லை. அவளுடைய பை இல்லாத ஒவ்வொரு பெட்டியிலும் கிட்டார் சுகமாகப் படுத்திருந்தது.

ஹெலன் தரையில் உட்கார்ந்தாள். எதிரே அவளுடைய இரண்டு குதிகாலும் தெரிந்தன. வெடித்து, வாசலைன் பூசி, அதன் மேல் சாக்ஸ் போட்ட குதிகால்கள். கோடை முழுக்கக் காலனி ஜனங்களுக்கெல்லாம் உதட்டுக்குப் பூசு, காலுக்குப் பூசு, காய்ந்தால் வெடிக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். மருமகள் பெட்டிக்குள் ஈரத்தை வைக்க வைக்க, அதே பெட்டிக்குள் இருந்து அவள் உறிஞ்சி எடுத்திருக்கிறாள். பலகைக்கு ஒரு வாய் மிச்சம் வைக்கவில்லை.

முகம் எரிந்தது. அறையில் யாருமில்லை, இருந்தும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே கதவு திறந்தது. பையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். சுவிசேஷமுத்து வாசலில் நின்றார். நடந்துவிட்டு வந்த முகமாக இல்லை.

"ஹெலனு, நீ சொன்னது சரியாக்கும்" என்றார். "இதுகளால வீட்டுல சமாதானம் போச்சு. பிள்ள எறங்கிப் போயாச்சு. கரோல் பாக் கடைக்காரன்கிட்டப் பேசிட்டேன். திங்கக்கிழமை வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போவான். இனி இந்த அறை ஒனக்கு."

நாற்பது வருஷமாக அவள் கேட்டது அதுதான். இடுப்பில் பை அழுத்தியது.

"நீ எவ்வளவு பொறுத்திருக்க..." என்று அவள் தலையில் கை வைத்தார். கை கழுவியிருந்தார்.

ஹெலன் வாயைத் திறந்தாள். "காப்பி போடட்டா?" என்றுதான் வந்தது.

மறுநாள் காலை சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டு லக்ஷ்மிபாய் நகருக்கு ஆட்டோ பிடித்தாள். வைஷ்ணவியின் அம்மா செல்வி அங்கே அரசுக் குடியிருப்பில் இருந்தாள். மதுரைப் பக்கம். பள்ளிக்கூட டீச்சர். கோபத்தையும் எழுத்துப் பிழை இல்லாமல் பேசுகிறவள்.

"வாங்க சம்பந்தி. உக்காருங்க" என்றாள். "மதிப்பு தெரியாத வீடுதான். ஆனா நாற்காலி இருக்கு."

ஹெலன் உட்கார்ந்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது.

"குடிங்க. தைரியமாக் குடிங்க. நீங்க மரமில்லையே."

ஹெலன் குடித்தாள். பாதி புடவையில் சிந்தியது. உள்ளேயிருந்து வைஷ்ணவி வந்து கதவோரமாக நின்றாள். ஹெலன் இடுப்பிலிருந்து பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது எனக்குள்ளதாக்கும்" என்றாள். "கல்கத்தாக்காரிக்க பெட்டியில நான்தான் வச்சேன்..."

"தெரியுமே அத்தை" என்றாள் வைஷ்ணவி.

ஹெலன் நிமிர்ந்தாள்.

"முதல் தடவை பெட்டியைத் திறந்தப்பவே பார்த்தேன். எவ்வளவு சின்னத் தையல். நீங்கதான்னு தெரிஞ்சுது. மாமாவுக்காக ஏதோ வேண்டிக்கிட்டு முடிஞ்சு வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். மன்னத்... தமிழ்ல என்னம்மா அது?"

"நேர்த்திக்கடன்" என்றாள் செல்வி.

"ஹாங், அது. அதனால தொடல. அந்தப் பெட்டில மட்டும் ஸ்பாஞ்ச் ஜல்தி காஞ்சிடும். ஏன்னு புரியல. டெய்லி நனைச்சு நனைச்சு வெச்சேன்."

"எங்க சி.எஸ்.ஐ. சபையில அந்த வழக்கம் கெடையாது மக்களே, அது கத்தோலிக்கருக்காக்கும்..."

"எனக்கு எப்படி அத்தை தெரியும்? நீங்க எல்லாரும் ஒண்ணுன்னு நினைச்சேன்."

ஹெலனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. "நான் அம்புட்டுப் பேசினேனே. அப்பம் இதச் சொல்லியிருக்கலாம்லா? பெட்டிக்குள்ள இன்னொண்ணும் இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"மாமா முன்னாடி எப்படிச் சொல்றது? வேண்டுதலை வெளில சொன்னா பலிக்காதாம். அம்மா சொல்லுவாங்க."

மதிப்புத் தெரியாத வீடு என்று ஹெலன் சொன்ன வீட்டில் சொல்லிக்கொடுத்தது இது.

நீல மணி என்ன செய்யும், ஏன் ரோஸ் ஆனது, விரிசல் எதனால் விழுந்தது என்று ஹெலன் சொன்னாள். குளச்சல் ஆர்மோனியத்தையும் சொன்னாள். காளான் குழம்பை மட்டும் விட்டுவிட்டாள். சொல்லி முடித்ததும் அழுதாள். ஹெலன் தினம் அழுகிறவள் என்பதால் செல்வி முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. சத்தமே வரவில்லை என்பதைக் கவனித்த பிறகுதான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"என்ன மன்னிச்சிரு மக்களே" என்றாள் ஹெலன்.

வைஷ்ணவி அம்மாவைப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி" என்றாள் செல்வி. குரல் முன்பைவிட இறங்கியிருந்தது. "வஞ்சது எல்லார் முன்னாலயும். மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கிட்டா? இவ அந்த வீட்டுல தலை நிமிர்ந்து நடக்கணும்ல?"

"நியாயம்தான்" என்றாள் ஹெலன். எழுந்தவள், வாசல் வரை போய்த் திரும்பினாள். "ஸ்பாஞ்சு எவ்வளவு நனைக்கணும் பிள்ளே?"

"நல்லாப் பிழியணும் அத்தை. சொட்டக் கூடாது. பலகையில படக் கூடாது."

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தாள். அவர் நடக்கப் போனபோது புது ஸ்பாஞ்சை நனைத்து, பிழிந்து, டப்பாவில் போட்டு, பெட்டியை மூடினாள். வெள்ளி முழுக்கவும் சனி முழுக்கவும் அவரிடம் சொல்லிவிட முயன்றாள். ஒவ்வொரு முறையும் அவர், "ஒனக்கு அந்த அறையில கட்டில எந்தப் பக்கம் போடணும்?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் காப்பி போட்டாள். சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் சுவிசேஷமுத்துவின் கண்கள் ஆந்தைக் கண் மாதிரி ஆகிவிட்டன.

ஞாயிறு காலை கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் பெட்டியைத் திறந்தார். விரிசலைக் காணோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். விரிசல் கூடி, தலைமுடி தடிமனுக்கு ஒரு கோடாகக் கிடந்தது.

"அற்புதம்" என்றார் சுவிசேஷமுத்து. ஆரோனைக் கூப்பிட்டுக் காட்டினார். சபைப் போதகரான ஐயருக்குப் போன் போட்டார். ஐயர் அதைக் கேட்டு, தயாரித்து வைத்திருந்த பிரசங்கத்தை மடித்து வைத்துவிட்டு வேதாகமத்தில் உயிர்பெற்று எழும் உலர்ந்த எலும்புகளைப் பற்றிப் பேசத் தீர்மானித்தார். ஹெலன் இதற்குள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு தப்பாக இருந்தது இப்போது ஒரு தப்பும் ஒரு அற்புதமுமாக ஆகிவிட்டது.

ஆராதனை நடந்தது. இருவரும் முன்னால் போய் நின்றார்கள். அவர் கழுத்தில் கல்கத்தாக்காரி. ஹெலன் மைக்கின் முன் வந்ததும் சபை வழக்கம்போல் ஆயத்தமானது. பெண்கள் விசிறியை எடுத்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளுக்கு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிக் காலை மடக்கி உட்கார்ந்தார். கடைசி பெஞ்சில், செல்விக்குப் பக்கத்தில், வைஷ்ணவி தலைகுனிந்திருந்தாள்.

"அற்புதம் ஒண்ணும் நடக்கேல" என்றாள் ஹெலன்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கிட்டாரு வெடிச்சது என்னாலயாக்கும். ஈரம் ஆகாதுன்னு நெனச்சி ஈரத்த உறிஞ்சுக மருந்து உள்ள வச்சேன். என் மருமக அதக் காப்பாத்தத் தண்ணி வச்சா. நான் அவளத் திட்டி, அவ வீட்டையும் திட்டி, எறங்கிப் போக வச்சேன். என் பை உள்ள இருந்தது அவளுக்குத் தெரியும். எனக்க மானத்துக்காகச் சொல்லேல. வெடிப்பு கூடினது அவ சொல்லித்தந்த வைத்தியம். நாப்பது வருஷமா நான் இங்க நின்னு எனக்க பொறுமையப் பத்திச் சொல்லிருக்கேன்..."

நிறுத்தினாள். விரல்கள் முந்தானை நுனியைத் தேடின. முகத்துக்கு அதைக் கொண்டுபோகவில்லை.

"எனக்கு வெக்கமா இருக்கு. அவ்வளவுதான். ஸ்தோத்திரம்."

அவள் சாட்சி முடிந்துவிட்டது என்று யாரும் நம்பவில்லை. இடைவேளை என்று நினைத்துக் காத்திருந்தார்கள்.

சுவிசேஷமுத்துதான் முதலில் பேசினார். மைக் திறந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. "அப்பம்... நீ இதுகள வெறுக்கேலியா?"

"மத்ததுகளத் தெரியாது" என்றாள். "இத எப்பிடி வெறுப்பேன்? நர்ஸ் ஹாஸ்டல் வாசல்ல கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ் வந்த அன்னைக்கு நீங்க இதத்தான வச்சிருந்தியளோ? மத்தவங்க எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போன பொறவும் நீங்க நின்னு வாசிச்சியளே... நான் சன்னல்ல நின்னேன்."

சபை முழுக்க விசிறிகள் நின்றன. அவர் முன்பலகையைத் தடவினார்.

"கரோல் பாக் காரன வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள் ஹெலன். "நான் திவான்லயே படுத்துக்கிடுகேன்."

இதுவும் மைக்கில்தான் போனது.

இறங்கித் தன் பெஞ்சுக்கு வந்தாள். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்தே நடந்தாள். உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் யாரோ வந்து உட்காருவது தெரிந்தது. வளையல் சத்தத்தில் யாரென்றும் தெரிந்தது. நிமிரவில்லை. வைஷ்ணவி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவள் தோளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். ஹெலன் சாய்ந்தாள். செல்வியும் எழுந்து வந்து பின்னாலிருந்து ஒரு கைக்குட்டையை முன்னால் நீட்டினாள்.

சுவிசேஷமுத்து வாசிக்க ஆரம்பித்தார். கம்பிகளுக்கு அடியில், விரிசல் இருந்த இடத்திலிருந்து, ஒரு வண்டு சுற்றுவது போன்ற சன்ன ரீங்காரம் ஒவ்வொரு சுரத்தோடும் கூட வந்தது.

"அத்தை" என்று வைஷ்ணவி காதருகே கிசுகிசுத்தாள். "ஏதோ சத்தம் வருதே. ரிப்பேர் பண்ணிடலாம், பசை போட்டா நின்னுடும்."

"இன்னைக்கு வரட்டும் மக்களே" என்றாள் ஹெலன். "அது நானாக்கும்."